கேப்டனுக்குத் தொப்பி கொடுக்க ஆளில்லை

லயனல் ஏவரிலுக்கு மட்டை பிடிக்கத் தெரியாது என்று சொன்னால் பாவம் சேரும். பிடிக்கத் தெரியும், பந்தில் படவைக்கத்தான் வராது. ஆனாலும் எட்டுக் கோடைகள் இங்கிலாந்தின் மார்ல்ஷயர் கவுண்டி கிரிக்கெட் அணிக்கு அவர்தான் கேப்டன். சம்பளத்துக்கு ஆடுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் அங்கே கேப்டனாக முடியாது. சம்பளம் வாங்காத கனவான்தான் வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு, கோடை முழுக்க ஆடிக்கொண்டிருக்க வசதியுள்ள கனவான்கள் அருகிப்போனார்கள். அப்பாவின் பீர் ஆலை புண்ணியத்தில் ஏவரில் மிஞ்சினார்.

தன் லட்சணம் அவருக்கே தெரியும். அதனால் தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தார். ராம்ஸ்டன் பந்து வீசும்போதெல்லாம் கேட்ச் பிடிக்க மட்டையாளரின் மூக்குக்கு நேரே போய் நின்றுகொண்டார். ராம்ஸ்டன் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த சுழல் பந்துக்காரர், சம்பளக்காரர்களில் மூத்தவர். அவர் பந்தை யாராவது விளாசினால் அடி விழுவது ஏவரிலின் காலில். முட்டிக்குக் கீழே கன்றிப்போகாத இடம் அவருக்கு இருந்ததே இல்லை.

இருந்தும் சம்பளக்காரர்களுக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. நன்றாக ஆடித் தேறியவனுக்குக் கவுண்டியின் பச்சைத் தொப்பியைக் கேப்டன் தன் கையால் அணிவிப்பது வழக்கம். அதில் அணிச் சின்னமாக ஒரு வெள்ளை நாரைப் பறவை பின்னியிருக்கும். அது தலையில் ஏறிவிட்டால் இவன் நம்மவன் என்று அர்த்தம். அதை வாங்கும்போது வளர்ந்த ஆண்கள் அழுதிருக்கிறார்கள். ஏவரில் பலருக்கு அணிவித்தார். தான் மட்டும் சாயம்போன பட்டாளத்துத் தொப்பியோடு திரிந்தார். நம்ம நாரை துரை தலைக்கு ஆகாதாம் என்று அவர்கள் அறையில் முணுமுணுத்தார்கள். கனவானிடம் போய் யார் கேட்பது?

ஆலை நொடித்தது. இனி வேலைக்குப் போயே ஆகவேண்டும். 1934 ஆகஸ்டில் அவருடைய கடைசி ஆட்டம். எட்டு வருஷமும் இவர்கள் தன்னைப் பொறுத்துக்கொண்டார்களே தவிர, தங்களில் ஒருத்தனாக எண்ணினார்களா என்பது மட்டும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் தேநீர் வேளையில் விக்கெட் கீப்பர் டாப்ஸுக்குத் தொப்பி அணிவித்தார். ராம்ஸ்டனுக்குப் பொறுக்கவில்லை.

“ஒண்ணு கேக்கலாமா சார்? எல்லார் தலையிலயும் வெக்கறீங்க. உங்க தலையில மட்டும் நம்ம தொப்பி ஏறாதோ?”

ஏவரிலுக்குக் காதுவரை சிவந்தது. “அதைக் கேப்டன்தானே குடுக்கணும், ராம்ஸ்டன்? வந்த முதல் நாளே நான் கேப்டன். எனக்கு நானே எடுத்து மாட்டிக்கறதா? அதுக்குத் தகுந்த மாதிரி நான் ஆடவும் இல்லையே.”

டாப்ஸ் மெல்லத் தன் புதுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் ஏவரில் கடைசி ஆளாக மட்டையோடு இறங்கினார். கனவான்களுக்கென்று தனி வாசல். அதன் பக்கமே எட்டிப் பார்க்காத ராம்ஸ்டன் அங்கே நின்றார். வியர்வை உப்புப் பூத்த தன் தொப்பியைக் கழற்றினார்.

“கேப்டனுக்குக் குடுக்க ஆளில்லேன்னா மூத்தவன் குடுக்கலாம்னு நேத்து நாங்களே சட்டம் போட்டுட்டோம். தலையைக் குனிங்க சார்.”

ஏவரில் குனிந்தார். தொப்பி காதுவரை இறங்கியது. கண் கலங்கியதாலோ என்னவோ, முதல் பந்திலேயே ஸ்டம்பு பறந்தது. முட்டை. திரும்பி வந்தவர் தொப்பியை நீட்டினார். ராம்ஸ்டன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ரன்னுக்கா குடுத்தோம்? எட்டு வருஷமா என் பந்துக்கு முன்னாடி நின்னீங்களே, அதுக்கு.”

ஏவரில் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். எதிரணி ஆட வந்ததும் தன் பழைய இடத்தில் போய் நின்றார். ராம்ஸ்டனின் இரண்டாவது பந்தை ஒருவன் ஓங்கி அடிக்க, அது அவருடைய முழங்காலில் வந்து விழுந்தது. அப்படியொரு சந்தோஷமான அடியை அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை.