மக்காச்சோளத்தில் முடிந்த துரத்தல்

இன்று காலை அரும்பாவூர் சாலையில் பாதியை அடைத்து, நானும் என் நாத்தனார் செல்வியும் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்தோம்.

திடீரென்று ஒரு பைக் பறந்து வந்தது. பின்னாலேயே சைரனோடு போலீஸ் ஜீப்.

செல்வியைப் பிடித்து இழுத்தேன். அவள் நின்றிருந்த இடத்தில்தான் பைக் சோளத்தில் வழுக்கி விழுந்தது.

முழங்கையில் ரத்தத்தோடு எழுந்த ஆளிடம், "ஏன்யா ஓடுன?" என்றார் ஜீப்பிலிருந்து இறங்கிய எஸ்.ஐ.

"ஹெல்மெட் இல்லீங்க சார்."

செல்விக்கு வந்ததே கோபம். "இதுக்கா சார் இந்தத் தொரத்து தொரத்துனீங்க? வண்டி நம்பரு தெரியுதுல்ல, வூட்டுல போயி புடிக்கக் கூடாதா?"

"ரோட்டுல சோளத்தக் கொட்டுனது யாரும்மா?" என்றார் அவர்.

நானும் செல்வியும் சோளத்தை அள்ள ஆரம்பித்தோம்.

எங்கள் தப்பை மாற்றிக்கொண்டு, சோளத்தை வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டோம். இப்படித் துரத்துகிற போலீஸ்காரர்கள் எதை மாற்றப்போகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.