புண்ணைப் புகழ்ந்த சொல்லும் எங்கள் டொக்டர் ஐயாவும்

செய்தி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. நுவரெலியாப் பக்கத்து ராகலையில் மரக்கறி லொறிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எங்கள் டொக்டர் சபாநாதன் ஐயாவின் மகள் பேசினார். "அப்பா விடியப்புறம் போயிட்டார் மாமா. கனக்கக் கஷ்டப்படேல்லை," என்றார். பின்னேரமே தகனம் என்றும் சொன்னார். இங்கிருந்து பஸ் ஏறினாலும் அதற்குள் போய்ச் சேர முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உடப்புசல்லாவை வீதியோரத் தேயிலைத் தோட்டங்களில் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இதை வாசிப்பீர்கள். உங்களில் சிலர் அவரைத் தெய்வம் என்று முகநூலில் போட்டிருப்பதைப் பேத்தி காட்டினாள். நான் அப்படி எழுதப்போவதில்லை. அவருக்கும் எனக்கும் இடையே கடைசிவரை தீராத வழக்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் என் நன்றியைச் சொல்ல வழியில்லை.

அவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். தோட்ட ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக இருந்த வைத்திய உதவியாளர். ஆனாலும் எங்களுக்கு அவர்தான் டொக்டர் ஐயா. தோட்டத்து உத்தியோகத்தர்கள் எங்களை 'வா, போ' என்று அழைத்த காலத்தில் 'நீர்' என்று அழைத்தவர் அவர் ஒருவர்தான். மருந்தைக் குடிக்காமல் வீட்டில் வைத்திருந்தால் அந்த 'நீர்' மறைந்து 'மடையா' வந்துவிடும். அதையும் எல்லோருக்கும் ஒரேமாதிரிதான் சொன்னார்.

நான் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியைக் கழித்துக் குட்டையாக்கும் வேலை அது. ஒரு மழை நாளில் கத்தி வழுக்கி இடது முழங்காலுக்குக் கீழே ஆழமாக இறங்கியது. துணியைக் கட்டிக்கொண்டு மறுநாளும் மலைக்குப் போனேன். அடுத்த சில நாட்களும் போனேன். இது தோட்டத்தை நடத்தும் துரையின் காதுக்கு எட்டியது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி இங்கிலீஷில் ஏதோ பேசினார்.

"தொரை ஒன்னைய மெச்சிக்கிறாருடா. எல்லாரும் ஒன்னைய மாதிரி இருக்கணுமாம்," என்றார் கணக்கப்பிள்ளை.

துரை சொன்னதில் 'லோடபிள்' என்ற சொல் என் காதில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் படிக்கவில்லை. சாமான் சுற்றிவந்த பத்திரிகைத் தாள்களையும் அட்டை கிழிந்த ஓர் அகராதியையும் வைத்து நானே இங்கிலீஷ் படித்தேன். வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைத் தேடினேன். 'பாராட்டத்தக்க' என்று இருந்தது. வரிசை வீடுகளான எங்கள் லயத்து ஆள் ஒருவரை எந்தத் துரையும் இங்கிலீஷில் பாராட்டி அதுவரை எவரும் கேட்டதில்லை. மறுநாள் நான் எப்படிப் பாயில் படுப்பேன்?

என் மனைவி பாக்கியம்தான் திட்டினாள். "தொரை பாராட்டுன காலு பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. போயி அவருகிட்டயே காட்டுங்க!"

அவளுடைய தொல்லை தாங்காமல்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சபாநாதன் ஐயா கட்டைப் பிரித்தார். குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"நுவரெலியாவுக்குப் போகவேணும். பிந்தினால் முழங்காலோடை வெட்டிப்போடுவாங்கள்."

"முடியாதுங்க ஐயா. தொரை என்னைய லோடபிள்னு சொல்லிட்டாருங்க. இப்பப் போயி படுத்தா அந்தப் பேரு என்னாகிறது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தச் சொல்லையோ சொன்னவர்?" என்றார். புதிய கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு லொறி கேட்டுத் துரையின் பங்களாவுக்கு ஆள் அனுப்பினார். லொறி கொழுந்து ஏற்றத்தான் என்று பதில் வந்தது. அந்த ஆளே நன்றாக இருக்கிறேன் என்கிறானே, பிறகென்ன என்றும் துரை கேட்டாராம்.

மறுநாள் பெரட்டில் நான் வரிசையில் நின்றேன். டொக்டர் ஐயா பெரட்டுக்கு வருகிற வழக்கமில்லை. அன்று வந்தார். நேரே என்னிடம் வந்து, "ராமையா, இதிலை இரும்," என்று கூடை வைக்கும் கல்லைக் காட்டினார். நான் உட்கார்ந்ததும் வெள்ளைக் கால்சட்டையோடு சேற்றில் முழந்தாளிட்டுக் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். துரை, கணக்கப்பிள்ளை, கொழுந்து எடுக்கும் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்றம் எழுந்தது. பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்கள்.

"எந்திரிங்க ஐயா! என் மானத்த வாங்காதீங்க!" என்று கத்தினேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "மானத்தைப் பிறகு பாப்பம் காணும். இப்ப காலைப் பாப்பம்."

என் காலைத் துரையின் பக்கம் திருப்பித் தூக்கிப் பிடித்தார். "சேர் பாராட்டினது இதைத்தான். வடிவாப் பாருங்கோ," என்றார். அதையே இங்கிலீஷிலும் சொன்னார்.

துரை பார்த்தார். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து வாயை மூடிக்கொண்டு அப்பால் திரும்பினார். பிறகு லொறிச் சாரதியைக் கூப்பிட்டார்.

கால் தப்பியது. ஆனால் நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பஸ்ஸில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு வருவார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

"சரி. உமக்குக் கேக்க விருப்பமில்லை எண்டால் சுவருக்குச் சொல்லுறன்," என்று ஒருநாள் தொடங்கினார்.

லத்தீன் மொழியில் புகழ்ச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது 'லோடபிள்' என்றார். ஆண்டவனைப் புகழ்வதற்கும் நல்லோரைப் புகழ்வதற்கும் உரியது. அதைப் பழைய காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் புண்ணுக்குக் கொண்டுபோனார்கள். புண்ணில் கெட்டியாக, வெண்மையாகச் சீழ் கட்டினால் நல்ல சகுனம் என்று நம்பி அந்தச் சீழையே 'லோடபிள்' என்றார்கள். சீழ் வரட்டும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. கிருமி என்று ஒன்று இருப்பது தெரியவந்த பிறகே அந்தப் பாராட்டு நின்றது.

எனக்குப் பொறுக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டேன். "அந்தக் காலத்து டாக்டருங்கல்லாம் முட்டாளுங்களா?"

"இல்லைக் காணும். தண்ணியாய், கெட்ட மணத்தோடை சீழ் வடிஞ்சவை கெதியாச் செத்துப்போச்சினம். கெட்டிச் சீழ் வந்தவையிலை கொஞ்சப்பேர் தப்பினவை. ரெண்டு கெட்டதிலை குறைஞ்ச கெட்டதைப் பாத்து, இதுதான் நல்லதெண்டு நினைச்சிட்டினம்."

"எங்களையும் அப்படித்தானே பாராட்டுறாங்க," என்றேன்.

அவர் போத்தலிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டினார். நான் திரும்பிப் படுத்து வாங்கிக் குடித்தேன். எங்கள் நட்பு அன்றுதான் தொடங்கியது.

அவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போன பின் எங்கள் ஆஸ்பத்திரிக்கு நிரந்தரமாக யாரும் வரவில்லை. ஆள் கேட்டு நாங்கள் சிலர் நுவரெலியாவில் ஓர் அதிகாரியைப் பார்த்தோம். மரியாதையாக உட்காரவைத்தார். உங்கள் நோக்கம் 'லோடபிள்' என்று தொடங்கி, 'ஆனால்' என்று வெகுநேரம் பேசினார். அன்று மாலையே யாழ்ப்பாணத்துக்கு அழைத்தேன்.

"இப்ப அந்தச் சொல்லு அங்கை வந்து குடியிருக்குதோ?" என்று சிரித்தார் ஐயா. "இந்தக் காலத்திலை அதைச் சொன்னால், ஒண்டும் தரமாட்டம் எண்டதுதான் பெரும்பாலும் பின்னாலை வரும். பாராட்டை விட்டிட்டு 'ஆனால்' எண்ட இடத்திலையிருந்து காது குடும். திரும்பவும் போம். வாங்காமல் எழும்பாதையும்."

திரும்பவும் போனோம். இப்போது கிழமையில் ஒருநாள் ஒரு டொக்டர் வருகிறார். அது போதாது. அதற்காக நான் யாரையும் பாராட்டவில்லை.

கடந்த தைப்பொங்கலுக்குப் பேசியதுதான் கடைசி. குரல் தளர்ந்திருந்தது. அத்தனை வருடமும் கேட்காததை அன்று கேட்டேன்.

"ஏன் ஐயா, தொரைய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாமே? அத்தனை பொம்பளைங்களுக்கு முன்னால எங்காலத் தூக்கிக் காட்டுனீங்களே!"

"கூப்பிட்டால் வந்திருப்பாரோ?"

"வந்திருக்க மாட்டாருங்க. அதுக்காக நீங்க செஞ்சது சரியாகிடுமா?"

"கால் கிடக்குதோ?" என்றார்.

"கெடக்குங்க."

"அப்ப கோவமும் கிடக்கட்டும், ராமையா. ரெண்டும் உம்முடையதுதான்."

இரண்டையும் வைத்திருக்கிறேன். அவர் அதைப் பெரட்டில் செய்திருக்க வேண்டியதில்லை என்றே இன்றைக்கும் சொல்வேன். இதை எழுதி முடித்ததும் நடந்தே தபாற்கந்தோருக்குப் போவேன். நல்ல ஏற்றம். இரண்டு காலாலும் ஏறுவேன்.