நாலு தண்ணி கழுவிய நெத்திலி

பிறந்ததிலிருந்து மீன் சாப்பிடாதவள் நான். ஆனால் பதினோரு வருடம் மீனை எரித்துச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

கும்பகோணத்துப் பக்கம் எங்கள் வீட்டில் வெங்காயம்கூட நாள் கிழமை பார்த்துத்தான் வாணலியில் விழும். அந்த வீட்டிலிருந்து வந்து இயற்பியல் படித்து, ரயில்வேயில் வேலை பார்ப்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு செங்கல்பட்டில் குடியேறினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடற்கரையோரத்து ஆய்வகம் ஒன்றில் வேலை கிடைத்தது. காலையில் ஏறும் ஆபீஸ் பஸ் திருக்கழுக்குன்றம் மலையை ஒட்டிக்கொண்டு கிழக்கே போகும். சுற்று வட்டாரத்தில் எதில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று அளந்துகொண்டே இருப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. மண், பால், அரிசி, கீரை, கிணற்றுத் தண்ணீர், மீன் என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு வாய்த்தது மீன்.

மீனை அப்படியே அளக்க முடியாது. காய வைத்து, உலையில் எரித்து, மிஞ்சும் சாம்பலை பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, ஈயச் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் கருவியின் மேல் வைக்க வேண்டும். அது ஒரு நாள் முழுக்கப் பொறுமையாக எண்ணும். திரையில் சின்னச் சின்ன முகடுகள் எழும்பி வரும். எந்த இடத்தில் முகடு நிற்கிறது என்பதை வைத்து உள்ளே இருப்பது எது என்று சொல்லிவிடலாம். உலை எரிகிற நாட்களில் வராண்டா முழுக்க நாறும். சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்கு ஆள் வராது. வீட்டில் நேராகக் குளியலறைக்குத்தான் போவேன். "வீட்டுல சைவம், ஆபீஸ்ல அசைவம்" என்று என் வீட்டுக்காரர் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்.

கதிரியக்கம் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் கடுகைத்தான் சொல்வேன். தாளிக்கும்போது அடுத்து எந்தக் கடுகு வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் போட்டதில் பாதி வெடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது தினமும் சமைக்கிறவளுக்குத் தெரியும். அணுவும் அப்படித்தான், எண்ணெயும் வேண்டாம், சூடும் வேண்டாம், தன்பாட்டுக்கு வெடித்துக்கொண்டிருக்கும். வாழைப்பழத்தில் அது உண்டு, நம் உடம்பிலும் உண்டு. இந்தக் கடற்கரை மணலில் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. மாமல்லபுரத்திலிருந்து தெற்கே நடந்தால் அலை ஒதுங்கிய இடங்களில் கறுப்புக் கோடாக மணல் படிந்திருக்கும். அதில் தோரியம் இருக்கிறது. யாரும் கொண்டுவந்து கொட்டியதில்லை. எந்தக் காலத்திலோ பாறைகள் கரைந்து கடலுக்கு வந்து சேர்ந்தது. அந்த மணலை நானே என் கையால் அள்ளி அளந்திருக்கிறேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

அளப்பது வேலை. ஆனால் அளந்தால் புரமோஷன் வராது, ஆராய்ச்சி ஜர்னலில் கட்டுரை, அதாவது பேப்பர், போட்டால்தான் வரும். எங்களுக்கு நல்ல செய்தி என்றால் 'புதிதாக ஒன்றும் இல்லை' என்பதுதான். ஜர்னல்காரர்களுக்கு அது செய்தியே இல்லை. வருடம் முழுக்க ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு இன்டர்வியூவுக்குப் போய் உட்கார்ந்தால், எத்தனை பேப்பர் என்று கேட்பார்கள். இரண்டு முறை அப்படித் திரும்பி வந்தேன். மூன்றாவது இன்டர்வியூ வரவிருந்தது. அதிலும் தவறினால், என்னிடம் கருவி ஓட்டக் கற்றுக்கொண்ட இளைஞர் எனக்கே அதிகாரியாக வந்துவிடுவார். எங்கள் பிரிவுத் தலைவர் நல்ல மனுஷர்தான். ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எண்ணிக்கை வேணும்மா, எண்ணிக்கை" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நேரத்தில்தான் பட்டியலில் நெத்திலிக் கருவாட்டைச் சேர்த்தார்கள். ஜீப் டிரைவர் புதுப்பட்டினம் சந்தையில் வாங்கி வருவார். என் மேஜைக்கு வரும்போது அது எண் ஒட்டிய பாலிதீன் பை. முதல் பையை எரித்து அளந்தபோதே திரையில் தோரியத்தின் முகடுகள் நின்றன. பச்சை நெத்திலியில் அவை கிடையாது. திரும்ப வாங்கச் சொன்னேன். திரும்பவும் அதே முகடுகள். ஒரு வருடம், பை மேல் பை, ஒன்றும் மாறவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன மீன், எலும்போடு முழுசாகக் காய்கிறது, கடலிலிருந்து எலும்பில் சேர்வது காயும்போது ஏதோ மாறுகிறது என்றெல்லாம் ஒரு பெரிய கொள்கையையே கட்டிவிட்டேன். சாம்பல் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது, விரலில் நறநறத்தது. கருவாடு என்றால் உப்பு இருக்கத்தானே செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்கு பேர் பெயர் போட்டு வெளிநாட்டு ஜர்னல் ஒன்றுக்கு அனுப்பினோம்.

சில மாதத்தில் பதில் வந்தது. ஜர்னலுக்காகப் பேப்பரை மதிப்பீடு செய்த இருவருக்கும் பிடித்திருந்தது. ஒருவர் என் ஆங்கிலத்தைத் திருத்தியிருந்தார். இன்னொருவர் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: ஒரு வீட்டில் இந்தக் கருவாட்டை எவ்வளவு சாப்பிடுவார்கள், அதைச் சேர்த்துக் கணக்கிட்டு அனுப்புங்கள், பிரசுரிக்கலாம். பிரிவுத் தலைவர் கேன்டீனிலிருந்து எல்லோருக்கும் ஜாங்கிரி வரவழைத்தார். நானும் இரண்டு சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் மதியம் நோட்டுப் புத்தகத்தோடு முதல்முறையாகப் புதுப்பட்டினம் சந்தைக்குப் போனேன். எங்கள் டிரைவர் வழக்கமாக வாங்குகிற கருவாட்டுக்காரிக்கு என் வயதுதான் இருக்கும். கோணிமேல் கருவாட்டைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வீட்டுக்கு வாரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். தன் வீட்டில் வாரம் இரண்டு தரம், தரத்துக்கு இரண்டு கைப்பிடி என்றாள். கிராமில் வேண்டுமே என்று அவள் தராசிலேயே கைப்பிடியை நிறுத்து எழுதிக்கொண்டேன். வேலை முடிந்தது. கிளம்பும் முன், பேச்சுக்காக, இதை எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டு வைத்தேன்.

"மொதல்ல தலய கிள்ளிப் போடணும். அப்பால நாலு தண்ணி கழுவணும். மொத தண்ணில பாரு, சட்டி அடில மண்ணு அப்டியே தங்கும்."

"மண்ணா?"

"பின்ன? மணல்ல கொட்டித்தான காய வெக்கிறோம்."

உப்புப் போட மாட்டீர்களா என்று கேட்டேன். நெத்திலிக்கு யார் உப்புப் போடுவார்கள், ஒரு வெயிலில் தானாகக் காய்ந்துவிடும் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாங்கள் ஆபீஸில் எத்தனை தண்ணி கழுவுகிறோம் என்று விசாரித்தாள். கழுவவில்லை, அப்படியே எரித்துவிட்டோம் என்றேன்.

"மண்ணோடயா?"

பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு அவளுக்கும் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அங்கிருந்து நேராகக் கடற்கரைக்கு நடந்தேன். அலைக்குக் கொஞ்சம் தள்ளி, வெறும் மணலில் நெத்திலி பரப்பியிருந்தது. ஒரு பெண் துடைப்பத்தால் அதைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். மீனோடு மணலும் சேர்ந்து குவிந்தது. பக்கத்திலேயே அந்தக் கறுப்புக் கோடு.

நான் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாகக் கருவாடு ஆய்ந்தேன். தலையைக் கிள்ளினேன். கண்ணாடிக் குடுவையில் போட்டு நான்கு தண்ணீர் கழுவினேன். அவள் சொன்னபடியே முதல் தண்ணீரில் மண் அடியில் தங்கியது. மீனைத் தனியாக எரித்து, மண்ணைத் தனியாகக் காய வைத்து, இரண்டு டப்பாவையும் அடுத்தடுத்து அளக்க விட்டேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது மீன் டப்பாவில் எல்லா மீனிலும் இருக்கிற பொட்டாசியம் மட்டும் இருந்தது. தோரியம் மொத்தமும் மண் டப்பாவில். ஒரு வருடமாக நான் மணலை அளந்து மீன் என்று எழுதியிருக்கிறேன். பேப்பரில் பெயர் போட்ட நான்கு பேரும் சைவம். கருவாடு தின்கிற ஒரே ஆள் ஜீப் டிரைவர். அவரிடம் கேட்டால், கழுவித்தான் எரிப்பீர்கள் என்று நினைத்தேன் மேடம் என்றார். அவரை யாரும் கேட்கவேயில்லை.

பிரிவுத் தலைவரிடம் சொன்னேன்.

"'கடையில் விற்கும் நிலையில் அளந்தது'னு ஒரு வரி சேர்த்துடுங்க. நீங்க அளந்த நம்பர் எதுவும் பொய்யில்லையே" என்றார்.

பொய்யில்லைதான். அதுதான் என்னைப் படுத்தியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த வரியை நான் சேர்த்தேன். டைப் செய்த தாளில் அது பார்க்க நன்றாகவே இருந்தது. இன்டர்வியூவுக்கு இன்னும் மூன்று வாரம். இனி சாப்பிடும் அளவை என் எண்ணால் பெருக்கி, கடைசிப் பத்தியில் போட்டால் முடிந்தது. அந்தப் பெருக்கலில்தான் மாட்டிக்கொண்டேன். அந்தக் கிராம் கணக்கு, கருவாட்டுக்காரி தன் வீட்டில் நாலு தண்ணி கழுவிச் சாப்பிடுவது. என் எண்ணோ கழுவாத மண்ணுடையது. இரண்டையும் பெருக்கினால் வருவது, யாரும் சாப்பிடாத ஒரு சாப்பாட்டின் கணக்கு.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு, மீனில் கதிர் ஏறியிருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சில், அந்தச் சந்தையில் ஒரு வாரம் மீன் விற்காமல் கூடை கூடையாகத் திரும்பிப் போனதை டிரைவர் சொல்லியிருந்தார். என் எண் வெறும் பேச்சல்ல, அச்சில் வரும். பயப்படும்படியான அளவு இல்லை என்று நான் கீழே எழுதுவேன்தான். அந்தக் கீழ் வரியை யார் படிப்பார்கள்? தராசில் தன் கைப்பிடியை எனக்காக நிறுத்துக் காட்டியவளை நினைத்துக்கொண்டேன். பேப்பரைத் திரும்பப் பெறுகிறோம் என்று கடிதம் எழுதினேன். பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் என்னிடம் அவர் பேசியது 'ம்' மட்டும்.

இன்டர்வியூவில் நடந்ததை அப்படியே சொன்னேன். எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். டீ கொடுத்தார்கள். புரமோஷன் கொடுக்கவில்லை. அந்த இளைஞர் என் அதிகாரியாக வந்தார். எனக்குக் கொஞ்ச நாள் வயிறெரிந்தது, மறைப்பானேன். ஆனால் தங்கமான பையன். என்னை மேடம் என்று கூப்பிடுவதை அவர் நிறுத்தவேயில்லை. இரண்டு வருடம் கழித்து எனக்கும் புரமோஷன் வந்தது. எந்தப் பேப்பருக்காக வந்தது என்று இப்போது நினைவில்லை.

நினைவிருப்பது இன்னொன்று. கழுவிய மீனையும் கழுவாத மீனையும் ஒப்பிட்டு ஒரு சின்ன உள்நாட்டு ஜர்னலில் இரண்டே பக்கம் எழுதினேன். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், அவளிடம் கேட்டுக்கொண்டு, கருவாட்டுக்காரியின் பெயரைப் போட்டேன். வெகுகாலம் அதை யாரும் எங்கும் குறிப்பிடவில்லை. எங்கள் செய்முறைக் கையேட்டில் மட்டும் 'தலை நீக்கி, நான்கு முறை கழுவவும்' என்று ஒரு வரி ஏறியது. நான் ஓய்வு பெறும்போதும் அது அங்கேதான் இருந்தது.

அச்சான பிரதியை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். அவள் பெயர் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"இன்னா எழுதிகீது இதுல?"

கழுவிச் சாப்பிட்டால் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறது என்றேன். தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத்த எழுதத்தான் அம்மாம் படிப்பு படிச்சியா?"

ஆமாம் என்றேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அதில் கருவாடு மடிப்பாள் என்றுதான் நினைத்தேன். நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். அதற்குள் வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மாள், நெத்திலியைக் கையில் அள்ளி, இந்த ஊர் மீனைத் தைரியமாகச் சாப்பிடலாமா என்று தயங்கினாள். கருவாட்டுக்காரி சுருக்குப்பையைத் தட்டிக் காட்டினாள்.

"நல்லா நாலு தண்ணி கழுவு, ஒண்ணும் இல்ல. ஆபீஸ்லயே எழுதிக் குட்த்துகீறாங்க."

அந்த அம்மாள் கால் கிலோ வாங்கிக்கொண்டு போனாள். என் பேப்பரை முதன்முதலில் மேற்கோள் காட்டியது கருவாட்டுக்காரிதான்.