நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்து நாகப்பன்

தொழிலாளர் இயக்கங்களைப் பற்றிய ஆய்வுலகில் பிள்ளைப்பாக்கம் நாகப்பனுக்கு உறுதியான ஓர் இடம் உண்டு. அது 143ஆம் பக்கத்தில் தொடங்கி 187ஆம் பக்கத்தில் முடிகிறது. கெட்டி அட்டை, தங்க எழுத்து. அவருடைய நான்கு வருட உழைப்பு, ஷிப்டு நேரம், ஓட்டிய மெஷினின் எண், கழிவறைக்குப் போய்வர அனுமதிக்கப்பட்ட நிமிடங்கள், வலது கை மோதிர விரலில் போன ஒன்றரைக் கணு, எல்லாம் அதில் இருக்கின்றன. அவருடைய பெயர் ஒன்றுதான் இல்லை.

நாகப்பன் ஒரகடத்தில் கார் சீட்டுக்கு அடியில் வைக்கும் இரும்புச் சட்டம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், இரும்பை அழுத்தி வெட்டும் ஆறாம் நம்பர் பிரஸ் மெஷினை ஓட்டினார். கம்பெனியின் காகிதங்களில் அவர் ஹவுஸ் கீப்பிங். அவர் மட்டுமல்ல, அந்தக் காகிதங்களின்படி அங்கே இருநூறு பேர் தரையைக் கூட்டினார்கள். மெஷினை யார் ஓட்டினார்கள் என்பதற்குக் குறிப்பு இல்லை. இரும்புச் சட்டங்கள் தாமாகவே மனமிரங்கி வந்து விழுந்திருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்குள் நானூற்றெண்பது நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி என்று ஒரு சட்டம் இருக்கிறது. நிர்வாகம் அதை மிகவும் மதித்தது. அந்த எண்ணை யாரும் தொட்டுவிடாதபடி காவல் காத்தது. ஐந்து மாதத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்டரின் பெயர் மாறும். காண்ட்ராக்டர் மாற மாட்டார், பெயர் மட்டும். அன்று காலை கேட்டில் பழைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு புதியதை மாட்டிவிடுவார்கள். கழுத்துக் கயிறு நீலத்திலிருந்து பச்சையாகும். நாகப்பன் அந்த நிமிடமே புதிதாகப் பிறந்து, பிறந்த கையோடு ஆறாம் நம்பர் பிரஸ்ஸுக்கு நடப்பார். நான்கு வருடத்தில் அவருக்கு ஒன்பது பிறவி.

காகிதம் மறந்தாலும் நாம் மறக்கக்கூடாது என்று நாகப்பன் காலண்டரில் வேலைக்குப் போன நாளையெல்லாம் பேனாவால் சுழித்து வைத்தார். அவர் மனைவி கங்கா வேறொரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுபவர்.

"இன்னாத்துக்கு நாள எண்ணிகினு கீற? ஜெயில்லயா போட்டுட்டாங்க?" என்பார்.

"ஜெயில்னா வெளிய வுடுற தேதி தெரியும்மே" என்பார் நாகப்பன்.

மூன்றாம் வருடம் விரல் போனது. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தும் சென்சார் உற்பத்தியைத் தாமதப்படுத்துகிறது என்று சூப்பர்வைசர் பேச்சிராஜ் அதைக் கழற்றி வைத்திருந்தார். பேச்சிராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "ஏல, மெஷினு நிக்குதுல்லா, ஒங்கப்பனா வந்து ஓட்டுவான்?" என்பது அவருடைய காலை வணக்கம். ஆஸ்பத்திரிச் சீட்டில், வீட்டுக் கதவில் நசுங்கிய விரல் என்று எழுதிக்கொடுத்தார்கள். கங்கா படித்துவிட்டு, வீட்டின் ஒரே கதவைப் பார்த்தார். கதவு என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு பிளாஸ்டிக் படுதாவை.

நான்காம் வருட முடிவில்தான் சத்யப்பிரியா வந்தாள். பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு, ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏன் சங்கம் சேர முடிவதில்லை என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் அருகே ஒரு டீக்கடையில் உட்காரவைத்து, மூன்று பக்க ஒப்புதல் படிவத்தை வரி வரியாக விளக்கினாள்.

"பேரு வெளில வராதே மேடம்?"

"வராதுண்ணா. கம்பெனி பேரையும் மாத்திடுவேன். எழுதி முடிச்சதும் ரெக்கார்டிங்க அழிச்சிடுவேன்."

"ஒர்த்தனுக்கும் தெரியாதே?"

"என் அம்மாவுக்குக்கூட தெரியாது."

நாகப்பன் இதையே ஆறு முறை கேட்டார். சங்கம் என்ற சொல்லை உச்சரித்ததற்கே ஆளை வெளியே நிறுத்திய கம்பெனி அது. ஆறு முறையும் அவள் சலிக்காமல் பதில் சொன்னாள். கடைசியில், "உங்களுக்கு என்ன பேர் வெக்கலாம்? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

வாழ்நாளில் தன் விருப்பத்தை யாரும் கேட்டறியாத நாகப்பன் ஒரு டீ முழுக்க யோசித்தார்.

"பேச்சிராஜ்னு போடு மேடம்."

"நல்லாருக்கே. யாரு, ஃப்ரெண்டா?"

"உயிர் தோஸ்த்து."

அடுத்த மூன்று வாரங்கள் நாகப்பனின் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியானவை. ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் வீட்டுக்கு வந்து கங்காவிடம் ஒப்பிப்பார். "இன்னிக்கி பேச்சிராஜ் கக்கூஸ் போவ பர்மிஷன் கேட்டு பத்து நிமிசம் கால மாத்தி மாத்தி நின்னாம்மே." கங்கா சிரிப்பார். "அப்புறம்?" "அப்புறம் திட்டு வாங்கினான். அளுதான்." பேச்சிராஜுக்கு விரல் போன பேட்டியன்று மட்டும் இருவரும் சிரிக்கவில்லை.

சத்யப்பிரியா சுழித்த காலண்டர் தாள்களையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். பட்டம் வாங்கியதும் அந்த ஆய்வைப் புத்தகமாக்கி, ஒரு பிரதியைக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்து தந்தாள். அது ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் போனது. இங்கிலீஷில் இருந்ததால் யாரும் பிரிக்கவில்லை.

பிறகு, ஒப்பந்தத் தொழிலாளர்கள் சங்கம் சேர முடியாது என்ற அந்த ஆய்வைப் படிக்காத காரணத்தால், நாகப்பனும் அறுபத்து மூன்று பேரும் சங்கம் சேர்ந்தார்கள். கேட்டுக்கு வெளியே முப்பத்தொரு நாள் உட்கார்ந்தார்கள். முப்பத்திரண்டாம் நாள் காண்ட்ராக்டரின் பெயர் மாறியது. இம்முறை கயிறு சிவப்பு. அறுபத்து நான்கு பேருக்கு மட்டும் மறுபிறவி இல்லை.

நாற்பத்தொரு வயதில் நாகப்பன் பென்னலூர் முதல் ஒரகடம் வரை ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் மருத்துவப் பரிசோதனையில் ஒரே கேள்வி: விரல் எங்கே? மெஷினில் போனது என்றால், எந்தக் கம்பெனி என்று விசாரித்து, சங்கத்துக்காரன் என்று அனுப்பினார்கள். கதவில் போனது என்றால், கதவையே கையாளத் தெரியாதவன் என்று அனுப்பினார்கள். செக்யூரிட்டி வேலைக்குப் போனார். சல்யூட் அடிக்கையில் அசிங்கமாகத் தெரிகிறது என்றார்கள். வீட்டில் இரண்டு வேளையும் கங்கா கேண்டீனிலிருந்து கொண்டுவரும் மீந்த சாம்பார் சாதம்தான். எங்கேயும் வேலை இல்லாத மனிதனுக்கு இருந்த ஒரே வழி, பழைய வேலையை வழக்குப் போட்டு வாங்குவது. அதற்கு அவர் பிரஸ் ஓட்டினார் என்று நிரூபிக்க வேண்டும்.

சங்கத்தின் சார்பில் வழக்கை நடத்தியவர் சுப்பிரமணி. வேறு சங்கங்களில் முப்பது வருடம் தோற்ற அனுபவசாலி.

"உன்னாண்ட எழுத்துல இன்னா கீது நாகப்பா?"

"ஒன்னியும் இல்லண்ணே. கார்டெல்லாம் கேட்லயே வாங்கிகினாங்க."

"காலண்டர்ல எளுதி வெச்சேன்னியே?"

"அந்த டிசம்பர் மழைல வூட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி."

"உள்ள கீறவன் எவனாவது சாட்சி சொல்வானா?"

நாகப்பன் உதட்டைப் பிதுக்கினார். கங்காதான் எழுந்துபோய் பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். "இந்த புக்கு மட்டும் மேல பரண்ல இருந்துச்சு. நனையில."

சுப்பிரமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு 143ஆம் பக்கத்தைப் பிரித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறியது. ஆறாம் நம்பர் பிரஸ். ஆயிரத்து நூற்று இருபத்தேழு நாள், மாதவாரியாக அட்டவணை. சென்சாரைக் கழற்றிய தேதி. விரல் போன நேரம், நிமிடம் உட்பட. "ஜெயிச்சோம்யா" என்றார். முப்பது வருடத்தில் முதல்முறையாக அவர் சொன்ன சொல். பிறகு மறுபடியும் 143ஆம் பக்கத்துக்கே வந்தார்.

"யார்யா இந்த பேச்சிராஜ்?"

நாகப்பன் தரையைப் பார்த்தார். கங்காவுக்கு அடுப்பில் அவசர வேலை வந்துவிட்டது.

சத்யப்பிரியா இப்போது வெளியூரில் பேராசிரியை. போனில் விஷயத்தைக் கேட்டு உண்மையாகவே அழுதாள்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டேண்ணா. ரெக்கார்டிங், ஃபோட்டோ, நீங்க கையெழுத்து போட்ட ஃபாரம்கூட. உங்களுக்கு வாக்கு குடுத்தேன்ல."

தொழிற்சாலைகளுக்காக ஊர் நிலத்தை எடுத்தபோது வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றவர்கள், அடுத்த வருடம் நிரந்தரம் என்றவர்கள், பிஎஃப் கட்டியாகிவிட்டது என்றவர்கள் என்று நாகப்பனுக்கு வாக்களித்தவர் பலர். காப்பாற்றியவள் இவள் ஒருத்திதான்.

"நீ வந்து சாட்சி சொல்ட்டா போதும் மேடம்."

"பல்கலைக்கழக நெறிமுறைக் கமிட்டிய கேட்டுட்டு சொல்றேன்."

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டாள். "பங்கேற்பாளரே சம்மதிச்சா சொல்லலாமாம்ணா."

"நான் சம்மதிக்கிறேன்."

"நீங்கதான் அந்தப் பங்கேற்பாளர்னு நிரூபிக்க ஆவணம் வேணுமாம்."

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று அவளே தொடர்ந்தாள். "ஆராய்ச்சியால பாதிக்கப்பட்டவங்கள பத்தி ஒரு கட்டுரை எழுதலாம்னு இருக்கேன். நீங்க பேட்டி குடுத்தா…"

"இந்த தபா நாகப்பன்னே போடு மேடம்."

"அதுக்கு ரூல்ஸ் விடாதுண்ணா."

வேறு வழியின்றி சுப்பிரமணி புத்தகத்தையே நீதிபதி முன் வைத்தார். புனைபெயர் அது, ஆள் இவர்தான், விரலைப் பாருங்கள் என்று வாதாடினார். கம்பெனி வக்கீல் மறுக்கவே இல்லை. பெருந்தன்மையாக, "நூலை நாங்கள் முழுமையாக ஏற்கிறோம்" என்றார். "இதில் சொல்லப்படும் பேச்சிராஜ் என்பவர் எங்கள் தொழிற்சாலையில் உண்மையிலேயே இருக்கிறார். அழைத்து வந்திருக்கிறோம்."

பேச்சிராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். வக்கீல் கேட்டுக்கொண்டபடி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். குமாஸ்தா எண்ணினார். பத்து. நாகப்பன் தரை கூட்டுவதைத்தான் தான் பார்த்ததாக பேச்சிராஜ் சொன்னார். சொல்லும்போது நாகப்பனின் பக்கம் திரும்பவில்லை. நூலில் உள்ள பேச்சிராஜுக்கு விரல் இல்லை, நிஜ பேச்சிராஜுக்கு விரல் இருக்கிறது, ஆகவே நூல் முழுக்கக் கற்பனை என்று வக்கீல் முடித்தார். வேறு ஆவணம் உண்டா என்று நீதிபதி இரண்டு முறை கேட்டார். இரண்டாம் முறை கொஞ்சம் கெஞ்சுவது போலவே இருந்தது. சுப்பிரமணி இல்லை என்றார். மதியத்துக்குள் மனு தள்ளுபடியாகி, புத்தகம் திரும்பி வந்தது.

கங்கா அன்று ஷிப்டை விட்டு வந்திருந்தார். வராண்டாச் சுவரில் சாய்ந்து, கவரிலிருந்த ரேஷன் கார்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அப்போது பேச்சிராஜ் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"அண்ணாச்சி."

இத்தனை வருடத்தில் இந்தச் சொல் இப்போதுதான் அவர் வாயில் வந்தது.

"கோவப்படாதீய. சாட்சி சொன்னா மூணு மாசம் தள்ளிப் போடுதோம்னாவ. இல்லன்னா இந்த மாசமே எனக்கும் சீட்டு கிழிச்சிருவாவ. நானும் காண்ட்ராக்ட்டுதாம்லா. எங்கிட்டயும் ஒரு காயிதம் கெடையாது."

"அதுக்கு இன்னா இப்ப?"

"அந்தப் பொஸ்தகம்." பேச்சிராஜின் குரல் தேய்ந்தது. "அதுல எம் பேரு அச்சுலயே கெடக்குல்லா. நாளு, மெஷினு, எல்லாம் கெடக்குன்னு வக்கீலு சொன்னாரு. நாளைக்கி எனக்கு ஒதவும். செராக்ஸ் எடுத்துட்டுத் தந்திருதேன்."

சுப்பிரமணி ஏதோ சொல்ல வாய் திறந்தார். நாகப்பன் முந்திக்கொண்டு, நாற்பத்தைந்து பக்கத்தையும் தங்க எழுத்தோடு சேர்த்து பேச்சிராஜின் கையில் வைத்தார்.

"செராக்ஸ் இன்னாத்துக்கு, நீயே வெச்சிக்க சார். நாளு கீது, ஷிப்டு கீது, மெஷின் நம்பர் கீது. விரலு மட்டும் கோர்ட்டுக்கு வர்றதுக்குள்ள நீ ஏற்பாடு பண்ணிக்க."

பேச்சிராஜ் சிரிக்கவில்லை. புத்தகத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றார்.