சுவர்தான் கோணல்

அண்ணாவின் கணக்குப் புத்தகத்தில் கடைசியில் விடைகள் இருந்த தாள்களை அப்பா கிழித்தெடுத்து, லேக் மார்க்கெட்டில் இருந்த எங்கள் காப்பிப்பொடிக் கடையில் பூட்டி வைத்திருந்தார். விடை கையில் இருந்தால் பிள்ளை உருப்படமாட்டான் என்பது பத்தாவதோடு படிப்பை நிறுத்திய அவருடைய சித்தாந்தம். இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வில் அண்ணா ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டிருந்தான். இது கடைசி வாய்ப்பு. மதியம் சாப்பிட வரும்போது அப்பா தாள்களைச் சட்டைப்பையில் கொண்டுவந்து, ஒப்பிட்டுப் பார்த்து, சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுப் போவார்.

வெக்டர் பாடம் வந்ததும் ஒரு கணக்குகூடத் தேறவில்லை. தொடர்ந்து பதினைந்து நாள் பக்கம் பக்கமாகச் சிவப்புதான். அண்ணா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான், வாய்க்குப் போகாது. எனக்கு அழுகை முட்டும்.

ஒருநாள் துடைப்பக்குச்சி ஒன்றை உருவிக்கொண்டு என்னை அறை மூலைக்கு இழுத்துப்போனான். குச்சியின் ஒரு முனை மூலையில். இடச்சுவரின் அடியோரத்தோடு அறுபது டிகிரி, வலச்சுவரின் அடியோரத்தோடு நாற்பத்தைந்து. மூலையில் நிமிர்ந்து நிற்கும் விளிம்போடு எத்தனை என்பதுதான் கணக்கு. அவன் போட்டது அறுபது, அப்பாவின் தாளில் இருந்தது நாற்பத்தைந்து. என்னைப் பிடிக்கச் சொல்லி ப்ரொட்ராக்டரை வைத்தான்.

"எவ்ளோ காட்டுது? சரியாப் பாத்துச் சொல்லு."

"அறுபதுண்ணா."

அப்பா வந்ததும் அவருக்கும் காட்டினான்.

"அப்போ அச்சுல போட்டவன் முட்டாளாடா?"

அண்ணா என்னைப் பார்த்தான். அவன் திட்டு வாங்கக் கூடாதே என்று நான் முந்திக்கொண்டேன்: "சுவர்தான் கோணலா இருக்கும்ப்பா. பழைய வீடுதானே."

அப்பா சிரித்துவிட்டார். அண்ணா குச்சியைக் கீழே போட்டான். அந்த வருஷம் பரீட்சைக்கே போகவில்லை. இன்றைக்கும் கடையில் காப்பிக்கொட்டைதான் அரைக்கிறான்.

பன்னிரண்டாவது வந்தபோது அந்தப் புத்தகம் என்னிடம் வந்தது, தாள்களும் வந்தன. ஒட்டவைக்கலாம் என்று சேர்த்துப் பார்த்தேன். கிழித்த வேகத்தில் எந்தப் பயிற்சி என்று போட்டிருந்த தலைப்புத் துண்டு புத்தகத்திலேயே தங்கிவிட்டது. தலைப்பில்லாத தாளில் அப்பா பார்த்துக்கொண்டிருந்தது முந்தைய பயிற்சியின் விடைகளை. அடுத்த தாளில் அண்ணா போட்ட விடைகள் ஒன்று விடாமல் இருந்தன. அறுபதும் இருந்தது.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வேன்? அன்று அவனைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். அந்த வீட்டில் அவனுக்கு இருந்த ஒரே சாட்சி நான்தான் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.