எண்ணெய்த் தலையும் எண்ணூறு மீட்டரும்

ஹெட்செட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓட்டத்துக்கு ஐம்பது நிமிடமே இருந்தது.

பிசியோதெரபி கருவிகளுக்கு சர்வீஸ் பார்த்தே என் வேலைக்காலம் போனது. ஓய்வுபெறும் சமயத்தில் கம்பெனி இந்த ஹெட்செட்டைக் கையில் கொடுத்தது. உப்புநீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்ச் வழியே மூளைக்கு மெல்லிய மின்சாரம் அனுப்பும். இருபது நிமிடம் மாட்டினால் ஓட்டக்காரருக்குத் திறன் கூடும் என்று கம்பெனி சொன்னது.

திருவண்ணாமலை மைதானத்தில் எனக்கு முதல் டெமோ. அழைத்தவர் கோச் ஏழுமலை. அவரிடம் பயிலும் ஷபானா பயிற்சியில் எண்ணூறு மீட்டரை இரண்டு நிமிடம் பதினெட்டு வினாடியில் முடிப்பாள். மாநிலப் போட்டிக்குத் தேர்வாக இரண்டு நிமிடம் இருபது வினாடி போதும். ஆனால் தேர்வு நாளில் பயத்தில் வாந்தி எடுப்பாள், கால் கனத்துவிடும். மூன்று முறை தோற்றிருந்தாள். வயது வரம்புப்படி அன்றைய தேர்வே கடைசி வாய்ப்பு.

சிவப்பு என்றால் ஸ்பாஞ்ச் தோலில் சரியாகப் படியவில்லை என்று பொருள். முடியை விலக்கினேன். விரல் வழுக்கியது.

"எண்ணெய் வெச்சியாம்மா?"

"டெய்லி வெப்பேன் சார். இன்னிக்கு ட்ரையல்ஸ்னு அம்மா கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சுட்டாங்க."

முன்கூட்டியே சொல்லாதது என் தவறு.

கோச் எதிர்க்கடைக்கு ஓடி நான்கு ஷாம்பு பாக்கெட் வாங்கிவந்தார். குழாயடியில் ஷபானா குனிந்தாள். உடன் ஓடும் பெண்கள் மக்கில் மொண்டு ஊற்றினார்கள்.

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்ளோ நுரை வராதுடி!"

"வாய மூடிட்டு ஊத்துடி, கண்ணு எரியுது!" என்றாள் ஷபானா, சிரித்துக்கொண்டே.

மறுபடி மாட்டினேன். இப்போது ஈரமுடி வழியே உப்புநீர் ஒரு ஸ்பாஞ்சிலிருந்து மற்றதற்கு வழிந்தது. இப்படியிருந்தால் மின்சாரம் மூளைக்குப் போகாது, தோலோடு ஓடிவிடும். நான் ஸ்விட்சைப் போடவில்லை. ஒருத்தி துண்டால் துவட்டினாள், இன்னொருத்தி நோட்டால் விசிறினாள். அதற்குள் மைக்கில் எண்ணூறு மீட்டருக்கு அழைப்பு வந்தது.

ஷபானாவே ஹெட்செட்டைக் கழற்றி என் கையில் வைத்தாள். "வர்றேன் சார். உங்க மிஷினுக்கு ஜலதோஷம் புடிச்சிடப் போவுது."

ஈரப் பின்னலோடு ஓடினாள். இரண்டு நிமிடம் பதினேழு வினாடி. கோச் ஸ்டாப்வாட்சை இருமுறை பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

"இன்னிக்கு வாந்தி எடுக்கலியேம்மா?" என்று அவளிடம் கேட்டார்.

அவள் யோசித்தாள். "மறந்தே போச்சு மாஸ்டர்."

ரிப்போர்ட்டில் 'கருவி இயக்கப்படவில்லை' என்று எழுதினேன். "அந்தப் பொண்ணு தலையில மாட்டினீங்கல்ல, அத மட்டும் போடுங்களேன்" என்றார் மேனேஜர் போனில். போடவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு சொல்வேன். டெமோவுக்குத் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். ஓடியவளின் நேரத்தை, ஓடாத கருவியின் கணக்கில் எழுதாதீர்கள்.