கணையத்துக்குப் பழச்சாறு

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது. முன்பெல்லாம் மரியாதைக்காக மறைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மறைப்பதில்லை.

அவர் என் கணவரின் அக்கா. மெர்போக்கில் வீடு. ஆள் பிடித்து, அந்த ஆள் இன்னொரு ஆளைப் பிடித்து விற்கும் வியாபாரத்தில் ஆன்டிஆக்சிடன்ட் பழச்சாறு விற்கிறார். முழங்கால் வலியிலிருந்து பிள்ளை படிக்காதது வரை எல்லாவற்றுக்கும் அந்த ஊதா நிறச் சாறுதான் மருந்து. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால், பாயசம் வருவதற்குள் நம் உடம்பில் என்னென்ன கழிவு தேங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

ஒரு நாள் காலை, பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்த என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டார். ஆஸ்பத்திரியில் கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். பித்தப்பைக் கல் ஒன்று இறங்கி வழியை அடைத்திருந்ததாம். விடாத வாந்தி. வலிக்குப் போட்ட ஊசியில் அரைமயக்கமாகக் கிடந்தார். வாந்தி அடங்கும்வரை சொட்டுத் தண்ணீர்கூட வாயில் விடக்கூடாது என்று சொல்லி, கட்டில் தலைமாட்டில் அட்டை மாட்டினார்கள். இந்த நோய் சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்பதையும் சொன்னார்கள்.

பார்வையாளர் நேரத்தில் நாத்தனார் வந்தார், பையில் பாட்டிலோடு. தம்பியின் நெற்றியில் திருநீறு பூசிய கையோடு, வார்டில் நின்ற தமிழ் டாக்டரைப் பிடித்துக்கொண்டார்.

"நெட்ல போட்டிருக்கு லா டாக்டர். கணையத்துக்கு ஆன்டிஆக்சிடன்ட் நல்லதுன்னு பெரிய டாக்டருங்களே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க."

"பண்ணியிருக்காங்க ஆன்ட்டி, இல்லன்னு சொல்லல. ஊசியில ஏத்திக்கூட பாத்தாங்க. தெளிவா ஒரு பலனும் தெரியல. அதனால நாங்க குடுக்கறதில்ல. இப்ப இவருக்கு வாயில எதுவுமே குடுக்கக் கூடாது."

டாக்டர் நகர்ந்ததும் நாத்தனார் உதட்டைச் சுழித்தார். "சின்னப் பொண்ணு. அதுக்கு என்ன தெரியும்?"

நான் கீழே கென்டினில் ஒரு கோப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது தலையணையில் ஊதாக் கறை. கணவர் இருமி இருமி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். வார்டு நர்ஸ் மிஸ்ஸிகள் ஓடி வந்து திரைச்சீலையை இழுத்து மூடினார்கள்.

"என்ன குடுத்தீங்க அண்ணி?"

"கொஞ்சந்தான்மா. தைப்பூச விரதத்துலகூட பாலு பழம் உண்டு தானே? இது என்ன சோறா? வெறும் பழச்சாறு தான லா."

முருகனுக்காக இருக்கும் விரதமும் புண்பட்ட கணையத்துக்குக் கொடுக்கும் ஓய்வும் அவருக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. குடித்ததை வாந்தியெடுத்து, அது நுரையீரலுக்குள் இறங்கியதால், என் கணவரை ஐசியுவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தொண்டையில் குழாய். அந்த வாசலில் நான் அழுததுபோல என் அப்பா செத்தபோதுகூட அழவில்லை. நாத்தனாரோ பாலிங்கிலிருந்து வந்த சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்லவேளை, முன்னாடியே சாறு கொஞ்சம் உள்ள போயிருச்சு."

அன்றைக்கு என் கையில் செருப்பு இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

எப்படியோ பிழைத்தார். குழாயை எடுத்தார்கள். பிறகு பித்தப்பையையும் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கஞ்சியும் அவித்த காயுமாகத் தேறினார். கல் இறங்கியதும், சாறு குடித்ததும், குழாய் போட்டதும் எல்லாம் அவருக்குத் தெரியும். நானும் சொன்னேன், டாக்டரும் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்தச் சாற்றுக் கம்பெனி சுங்கை பட்டாணியில் ஒரு விருந்து வைத்தது. அக்கா கூப்பிடுகிறார், போகாவிட்டால் மனசு கோணும் என்று கணவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கோழிப் பிரட்டல் வருவதற்கு முன்பே நாத்தனார் மைக்கைப் பிடித்து, சாவிலிருந்து மீண்ட தன் தம்பி என்று அவரை மேடைக்கு அழைத்தார். என் கணவர் ஏறினார். கூச்சத்தோடு சிரித்தார்.

"நான் இன்னிக்கு உயிரோட நிக்கிறேன்னா, அக்கா குடுத்த சாறுதான் காரணம்."

கை தட்டினார்கள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

அவர் கீழே வந்து உட்கார்ந்ததும் ஒரு பெண் எங்கள் மேசைக்கு வந்தாள். வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் ஃபேக்டரியிலிருந்து நேரே வந்தவள்போல இருந்தாள். கையில் புதிய பாட்டில்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கும் கணையந்தான். வார்டுல படுத்திருக்காரு. ஒண்ணும் குடுக்கக் கூடாதுங்கறாங்க. நீங்க எவ்வளவு குடிச்சீங்க?"

நான் முந்திக்கொண்டேன். "குடுக்காதம்மா. இவருக்குக் குடுத்துத்தான் ஐசியுவுக்கே போனாரு. காப்பாத்துனது டாக்டருங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அண்ணன் இப்பதான மைக்குல சொன்னாரு?"

"சொல்லுங்க," என்றேன் அவரிடம். "அந்த மனுஷன் உயிரு. வாயத் தொறந்து சொல்லுங்க."

அவர் தன் அக்கா நின்ற பக்கம் பார்த்தார். அப்புறம் தட்டைக் குனிந்து பார்த்தபடி, "நல்ல சாறுதான்மா," என்றார்.

அவள் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். கார் நிறுத்துமிடத்தில் அவளுடைய மோட்டார் சைக்கிளின் பின்விளக்குதான் தெரிந்தது.